கேஸி தவறவிட்டது ஒரே ஒரு பந்துதான்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 'கேஸி அட் த பேட்' என்ற அமெரிக்கக் கதைப்பாடலைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பேஸ்பாலைக் கண்ணால்கூடப் பார்த்திராத நம் வாசகர்களுக்கு அதை அறிமுகப்படுத்த ஒருவர் மெனக்கெட்டாரே என்று சந்தோஷம்தான். ஆனால் ஒரு வாக்கியம் மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது. மூன்று தடவை மட்டையைச் சுழற்றியும் பந்தைத் தொட முடியாமல், தலைக்கனம் பிடித்த வீரன் தோற்றுப் போகிறான் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பாட்டில் அப்படி நடக்கவில்லை. கேஸி மட்டையைச் சுழற்றுவது ஒரே ஒரு தடவைதான்.

இது சின்ன விஷயம் இல்லையா என்று கேட்பீர்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் மேலோட்டமாகப் படித்து வைத்திருந்தேன். முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தியவள் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போன வருடம் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தபோது, ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரனுக்கு இந்தப் பாட்டை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் வேலை வந்தது. நான் அர்த்தம் சொல்லப் போய், அவன் என்னைத் திருத்தினான். "பாட்டி, அவன் அடிக்க முடியாம விடல. அடிக்க மாட்டேன்னு விட்டான்."

கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த நமக்கு இங்கேதான் இடறும். ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை ஆடாமல் விடுவது கிரிக்கெட்டில் ஒரு கலை. ஐந்து நாள் ஆட்டத்தில் அதற்குக் கைதட்டல்கூட உண்டு. பேஸ்பாலில் ஸ்டம்ப் கிடையாது. எறிபவர் போடும் பந்து, தரையில் பதித்த ஹோம் பிளேட்டுக்கு மேலாக, அடிப்பவரின் நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் நடுவே போனால், அவர் மட்டையை அசைக்காமல் நின்றாலும் அது ஒரு ஸ்ட்ரைக். அடிக்கப் பார்த்துத் தவறவிட்டாலும் ஒரு ஸ்ட்ரைக். மூன்று சேர்ந்தால் அவுட். அதாவது நல்ல பந்தைச் சும்மா விடுவது கையிருப்பில் ஒன்றைச் செலவழிப்பது மாதிரி.

இப்போது பாட்டுக்கு வாருங்கள். கேஸியின் ஊரான மட்வில்லின் அணி 4-2 என்று பின்தங்கி நிற்கிறது. கடைசி இன்னிங்ஸ். முதல் இரண்டு பேர், கூனியும் பாரோஸும், வந்த வேகத்தில் அவுட். மூன்றாவது ஆளும் போனால் ஆட்டம் முடிந்தது. அப்புறம் எப்படியோ இரண்டு பேர் பேஸ்களில், அதாவது ரன் எடுக்கச் சுற்றி ஓட வேண்டிய மூலைகளில், ஏறிவிட, கேஸி வருகிறான். ஒரு ஹோம் ரன், அதாவது நம் சிக்ஸர் மாதிரி ஒரே பெரிய அடி, அடித்தால் மூவரும் ஓடி வந்து ஆளுக்கொரு ரன் சேர்த்துவிடலாம். 5-4 என்று வெற்றி. முதல் பந்து வருகிறது. அது என் பாணி இல்லை என்று சொல்லிவிட்டு நிற்கிறான். ஸ்ட்ரைக் ஒன்று. இரண்டாவதும் வருகிறது. அதையும் கண்டுகொள்ளவில்லை. ஸ்ட்ரைக் இரண்டு. முடியாதவனின் தோல்வி என்றால் நாம் இரக்கப்பட்டுவிட்டுப் போய்விடலாம். இவனோ கையில் இருந்த மூன்றில் இரண்டை, ஊரே பார்க்க, தானாகத் தூக்கிப் போடுகிறான். கட்டுரையாளரின் வாக்கியத்தில் இந்தக் கூத்து முழுக்கக் காணாமல் போகிறது.

இன்னொரு சுவாரசியம். இந்தப் பாட்டு சான்பிரான்சிஸ்கோ எக்ஸாமினர் நாளிதழில் வெளியானது 1888 ஜூன் 3 அன்று. அதற்கு முந்தைய ஆண்டு, 1887-இல் மட்டும், பெரிய லீக்குகளில் நான்கு ஸ்ட்ரைக் விழுந்தால்தான் அவுட் என்று விதி இருந்தது. 1888-இல் மறுபடி மூன்றாக்கிவிட்டார்கள். ஒரு வருடம் முன்னால் பிறந்திருந்தால் கேஸிக்கு இன்னொரு பந்து கிடைத்திருக்கும்! அதோடு, 1886 வரை அடிப்பவர் தனக்குப் பந்து மேலே வேண்டுமா, கீழே வேண்டுமா என்று கேட்டு வாங்கலாம். அந்தச் சலுகையும் 1887-இல் போயிற்று. அந்தக் காலத்து ரசிகர் காதில் 'என் பாணி இல்லை' என்பது, நேற்றுவரை கேட்டதெல்லாம் கிடைத்துப் பழகியவனின் பேச்சாகவும் கேட்டிருக்கலாம். இது என் ஊகம்தான், யாரும் அடிக்க வராதீர்கள்.

சரி, தலைக்கனத்துக்குக் கிடைத்த தண்டனை என்று கட்டுரையாளர் சொல்லும் நீதிக்கு வருகிறேன். தலைக்கனம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதை வளர்த்தது யார்? பதின்மூன்று பத்திகள் கொண்ட பாட்டில் கேஸி மட்டை பிடிக்க வருவதற்கே ஐந்து பத்தி ஆகிறது. அதுவரை பேசுவதெல்லாம் கூட்டத்தின் நம்பிக்கை. கேஸிக்கு மட்டும் ஒரு வாய்ப்புக் கிடைத்தால் பந்தயமே கட்டலாம் என்கிறார்கள். அவன் வந்ததும் ஐந்தாயிரம் தொண்டைகள் கத்திய கத்தல் பள்ளத்தாக்கில் அதிர்ந்து, மலையில் மோதித் திரும்பி வருகிறது. அவன் கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டால் பத்தாயிரம் கண்கள் பார்க்கின்றன. (ஐந்தாயிரம் பேருக்குப் பத்தாயிரம் கண்கள். கணக்கு சரியாக இருப்பதுதான் சிரிப்பு.) அதைச் சட்டையில் துடைத்தால் ஐந்தாயிரம் நாக்குகள் ஆர்ப்பரிக்கின்றன. சட்டையில் கை துடைத்ததற்கு! போர்க்களத்துக்கு உரிய நடையை எடுத்து ஒரு மாலை நேரத்து விளையாட்டுக்குப் போர்த்திவிட்டிருக்கிறார் கவிஞர். முதல் ஸ்ட்ரைக் விழுந்ததும் அம்பயரைக் கொல்லு என்று யாரோ கத்துகிறார்கள். கேஸி கையை உயர்த்தியிராவிட்டால் கொன்றே இருப்பார்கள் என்கிறது பாட்டு. அவன் கருணை பொங்கச் சிரித்து அந்தக் கூச்சலை அடக்குகிறான். அந்த இடத்தில் கேஸி விளையாட்டுக்காரனா, தலைவனா, சாமியாரா என்று சொல்லுங்கள் பார்ப்போம். இத்தனை பேர் தோளில் தூக்கி வைத்திருக்கும் ஒருவன் முதல் பந்தைச் சாதாரணமாக அடித்துவிட முடியுமா? பாட்டு கேலி செய்வது அவனை மட்டும் இல்லை.

கட்டுரையில் ஃப்ளின், ஜிம்மி பிளேக் பெயர்களே இல்லாதது எனக்கு வருத்தம். கேஸிக்கு முன்னால் அடிக்க வந்தவர்கள் இந்த இரண்டு பேரும். உதவாக்கரைகள், இவர்களைத் தாண்டி எங்கே கேஸிக்கு வாய்ப்பு வரப்போகிறது என்று கூட்டம் துக்கம் காக்கிறது. ஆனால் ஃப்ளின் அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடிவிடுகிறான். பிளேக் பந்தின் தோலே பிய்ந்துபோகும்படி விளாசுகிறான். புழுதி அடங்கிப் பார்த்தால் ஒருவன் மூன்றாம் பேஸில், ஒருவன் இரண்டாம் பேஸில். அன்றைக்கு உருப்படியாக அடித்தவர்கள் அவர்கள்தான். அவர்களை அங்கேயே நிறுத்திவிட்டுக் கூட்டம் கேஸியைப் பார்க்கத் திரும்பிவிடுகிறது, பாட்டும் திரும்பிவிடுகிறது, 135 வருடத்துக்கு மேலாகப் படிப்பவர்களும் திரும்பிவிடுகிறோம். வீடுகளிலும் இப்படி இரண்டு பேர் இருப்பார்கள்.

எழுதியவர் எர்னஸ்ட் லாரன்ஸ் தேயர். ஹார்வர்டில் தத்துவம் படித்தவர். அங்கே நகைச்சுவை இதழ் நடத்தியபோது பழக்கமான நண்பர் ஹெர்ஸ்ட், பிறகு தான் நடத்திய எக்ஸாமினர் நாளிதழுக்கு எழுத அழைத்துக்கொண்டார். 'ஃபின்' என்ற புனைபெயரில் வெளியான இந்தப் பாட்டுக்குக் கிடைத்த கூலி ஐந்து டாலர். கேஸி யார் என்று ஊர் ஊராகச் சண்டை நடந்திருக்கிறது. 1887-இல் பத்தாயிரம் டாலருக்கு பாஸ்டன் அணிக்கு விற்கப்பட்ட கிங் கெல்லிதான் என்பார்கள் சிலர். தேயரோ, அந்தப் பெயரைத் தவிர எதுவும் உண்மை இல்லை என்று சொல்லிவிட்டார். கட்டுரையாளர் 'உண்மைச் சம்பவம்' என்று எழுதியதையும் இதனால் திருத்த வேண்டியிருக்கிறது.

பாட்டை நாடெங்கும் கொண்டுபோனவர் டிவுல்ஃப் ஹாப்பர் என்ற மேடை நடிகர். 1888 ஆகஸ்ட் 14 அன்று நியூயார்க்கில் வாலக்ஸ் தியேட்டரில், இரண்டு பேஸ்பால் அணிகளின் வீரர்கள் பார்வையாளராக உட்கார்ந்திருக்க, முதல்முறை சொன்னார். அன்று தேயருக்கு 25-வது பிறந்தநாள் என்பது தற்செயல். (டொனால்ட் பிராட்மன் தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் இரண்டாவது பந்திலேயே பூஜ்யத்துக்கு அவுட் ஆனதும் ஓர் ஆகஸ்ட் 14 தான், 1948-இல். பெரிய மட்டைக்காரர்களுக்கு ஆகாத தேதி போலிருக்கிறது.) ஹாப்பர் அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க, ஆயிரக்கணக்கான தடவை, கர்ஜனையும் கையசைப்புமாக இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பிற்பாடு வூஸ்டர் ஊரில் தேயரைச் சந்தித்தபோது, அவரையே சொல்லச் சொன்னார்களாம். கூச்ச சுபாவம் உள்ள தேயர் மென்மையான குரலில் முணுமுணுத்தார். தான் கேட்டதிலேயே படுமோசம் என்று ஹாப்பர் எழுதி வைத்திருக்கிறார். எனக்கென்னவோ அந்த முணுமுணுப்பைக் கேட்டிருக்கலாமே என்றுதான் இருக்கிறது.

ஏனென்றால் இந்தப் பாட்டின் உயிர் சத்தம் இல்லாத ஓர் இடத்தில் இருக்கிறது. பன்னிரண்டாம் பத்தியைக் கவனியுங்கள். அதுவரை நடந்த கதையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், சட்டென்று நிகழ்காலத்துக்கு மாறுகிறார். கேஸி பல்லைக் கடிக்கிறான். மட்டையால் ஹோம் பிளேட்டைக் குத்துகிறான். இதோ பந்து கையில், இதோ விட்டுவிட்டான், இதோ கேஸியின் வீச்சில் காற்றே சிதறுகிறது. பத்தி முடிந்தது. அடுத்த பத்தியில் மைதானமே இல்லை. எங்கோ ஓர் ஊரில் வெயில் பளிச்சென்று அடிக்கிறது, எங்கோ வாத்தியம் வாசிக்கிறார்கள், எங்கோ குழந்தைகள் கத்துகிறார்கள். மட்வில்லில்தான் மகிழ்ச்சி இல்லை. கேஸி அவுட் என்று கடைசி வரியின் கடைசிச் சொற்களில்தான் வருகிறது. மட்டை பந்தைத் தொடாததையும், கூட்டத்தின் முகத்தையும், கேஸி திரும்பி நடந்ததையும் தேயர் எழுதவே இல்லை. அந்தத் தோல்வி இரண்டு பத்திகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. சாவு வீட்டுச் செய்தி சொல்ல வந்தவர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாரே, அதுபோல.

பேரனிடம் இதைச் சொன்னேன். நீதி எல்லாம் வேண்டாம், பன்னிரண்டாவது முடிந்ததும் கொஞ்சம் நிறுத்து என்று மட்டும் சொன்னேன். பள்ளியில் அவன் ஒப்பித்த அன்று நானும் பின்வரிசையில் இருந்தேன். காற்று சிதறுகிற வரியைச் சொல்லிவிட்டு நிறுத்தினான். நிறுத்தியவன் நிறுத்தியபடியே நின்றான். மறந்துவிட்டான் என்று நினைத்து, முன்வரிசையில் இருந்த டீச்சர் அடுத்த வரியின் முதல் சொல்லை மெல்ல எடுத்துக் கொடுத்தார். அவன் அவரைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலக் கையை உயர்த்தினான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர்,
மயிலாடுதுறை