இறந்தவரோடு சேர்ந்து எடுத்த படம் கேட்கிறீர்கள்

கடற்படையினரின் குடும்ப ஓய்வூதியத்தை முடிவு செய்யும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் அம்மாவின் விண்ணப்பம் மறுபடியும் திரும்பி வந்திருக்கிறது. விவரமெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. அப்பாவின் ஓய்வூதிய ஆணையில் மனைவி பெயர் ஏறவில்லை. ஆகவே கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த புகைப்படம் வேண்டும் என்றீர்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழும் அதே உறைக்குள்தான் இருந்தது.

அந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் பீரோவைத் திறந்து கல்யாணப் படத்தை எடுத்து வந்தார். ஓரம் பூச்சி அரித்த கறுப்பு வெள்ளைப் படம். அப்பா வெள்ளைச் சீருடையில் நிற்கிறார்; அம்மா தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். "இது நான்தான் என்று எழுதி அனுப்பு" என்றார். நகலெடுத்து, சான்றொப்பம் வாங்கி அனுப்பினோம். அண்மையில் எடுத்த படம் அல்ல என்று இப்போது திருப்பியிருக்கிறீர்கள். அண்மைப் படத்துக்கு அப்பாவை எங்கிருந்து அழைத்து வருவது?

1971 போரில் அவர் விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் இயந்திர அறையில் இருந்தவர். நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். முழு வேகம் எடுக்க முடியாத அந்தக் கப்பலிலிருந்துதான் டிசம்பர் 4 அன்று, அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இன்றைய வங்கதேசத்தின் சிட்டகாங் மீதும் காக்ஸ் பஜார் மீதும் விமானங்கள் போயின. விமானத்தை உந்தி எழுப்பும் கருவிக்கும் நீராவிதான் வேண்டும். மேல்தளத்திலிருந்து பறந்தவர்களை நாடு அறியும். கீழே வெக்கையில் நின்று நீராவி இறங்காமல் காத்தவர்களை யார் அறிவார்? அந்த இரைச்சலில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. கடைசி வரை உரக்கத்தான் பேசுவார். புதிதாகக் குடிவந்தவர்கள் ஏதோ சண்டை என்று எட்டிப் பார்ப்பார்கள்.

அந்தக் காலத்து ஆணைகள் பலவற்றில் மனைவி பெயர் கிடையாது. அது அலுவலக நடைமுறை. மாலுமி செய்த தவறல்ல. பணியிலிருந்து விடுவித்தபோது அவருக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அம்மாவின் பெயர் இருக்கிறது. முன்னாள் படைவீரர் மருத்துவ அட்டையை அவர் மனைவி என்றுதான் அம்மாவுக்குக் கொடுத்தார்கள். மருந்து வாங்கும்போது மனைவியாக இருந்தவர், ஓய்வூதியம் கேட்கும்போது யாரோ ஆகிவிடுவாரா? அம்மாவின் பெயரை ஆணையில் ஏற்றுங்கள்.

ஆண்டுதோறும் டிசம்பர் 4 அன்று கடற்படை நாளில் மலர்வளையம் வைக்கிறீர்கள். அந்தப் பழைய விக்ராந்தை 2014இல் உடைக்கத் தொடங்கிப் பழைய இரும்பாக்கினார்கள். பராமரிக்கச் செலவாகும் என்றார்கள். அந்தக் கப்பலில் உழைத்தவரின் மனைவி பெயரை ஒரு தாளில் ஏற்ற என்ன செலவாகும்? அம்மாவைப் போல் எத்தனை பெண்கள் இப்படி உறையும் கையுமாக நிற்கிறார்கள் என்று உங்களில் யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா?

கோபத்தில் எழுதிவிட்ட சொற்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களைத் தயவுசெய்து கேட்பது இதுதான்: டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் கல்யாணப் படத்தையும் சான்றாக ஏற்று, அம்மாவின் பெயரை ஆணையில் சேர்த்து, அப்பா இறந்த மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியத்தை வழங்குங்கள். முடியாதென்றால், எந்த விதியின்படி முடியாது என்பதைப் பொறுப்பான அதிகாரியின் கையெழுத்தோடு எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாலுமியின் மகன்