முன்வரிசை நாற்காலிகள் யாருக்கு?

மலாவி சிறுவர் கிராமத் திறப்பு விழாக் குழுவினருக்கு,

வணக்கம். தலைநகர் லிலோங்வேயிலிருந்து சலிமா போகும் சாலையோரம், பெற்றோர் இல்லாத பிள்ளைகள் தங்கி வளர நாம் கட்டி முடித்திருக்கும் சிறுவர் கிராமத்தின் விழா நிரல் என் கைக்கும் வந்தது. பதினொரு உரைகள், நான்கு நடனங்கள், ஒரு நாடா, ஒரு கல்வெட்டு. நடனம் நான்கும் குழந்தைகள் தலையில். உரைகளில் ஒன்றுகூட அங்கே குடியேறப்போகிறவர்களுடையது அல்ல. கட்டட வேலைக்குக் கணக்கு எழுதியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே நாட்டில் வேறோர் இல்லத்தின் திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். குழந்தைகள் வந்து மூன்று நாளாகியும் கட்டிலில் படுக்க விடவில்லை. விருந்தினர் பார்க்கும்போது விரிப்பு கசங்கியிருக்கக் கூடாதாம். மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. கூடத்தில் பாய் விரித்துத் தூங்கினார்கள். விழாவன்று காலை ஏழு மணிக்கு வரிசையில் நிறுத்தினார்கள். சிறப்பு விருந்தினரின் கார் வந்தபோது மணி பன்னிரண்டு. ஆறு வயதிருக்கும் ஒரு சிறுமி, அளவு பெரிதான புது வெள்ளைக் காலுறையை முழங்கால்வரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புத்தகப்பை கொடுத்துப் படம் எடுத்தார்கள். படம் சரியாக விழவில்லை என்று பையைத் திரும்ப வாங்கி மறுபடி கொடுத்தார்கள். இரண்டாம் முறை அவள் கை நீட்டவில்லை.

விருந்தாளிக்காக ஆட வைப்பது இந்த மண்ணில் பழைய காயம். மலாவியின் முதல் அதிபர் ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் ஆட்சி முடிந்த 1994 வரை, அவர் போகுமிடமெல்லாம் அவர் முகம் அச்சிட்ட துணியைச் சுற்றிக்கொண்டு பெண்கள் ஆடியாக வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளை வளர்க்கும் வீட்டுத் தாய்மாராக நீங்கள் நியமித்திருப்பவர்களில் மூத்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆட்டமே கூடாது என்று நான் சொல்லவில்லை. சாப்பாடு முடிந்து யாராவது மேளத்தைத் தட்டினால் தானே ஆடுவார்கள். அதை நிரலில் அச்சடிக்காதீர்கள், அவ்வளவுதான்.

அழைப்புப் பட்டியலில் நன்கொடையாளர்கள் அறுபது பேர். குழந்தைகளின் உறவினர் ஒருவரும் இல்லை. இந்தப் பிள்ளைகள் வானத்திலிருந்து விழுந்தவர்களா? நம்மூரில் தாய்மாமன் சீர் செய்வதோடு சரி. இங்குள்ள செவா இன மக்களின் மரபில் சகோதரியின் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளியே அவர்தான். ‘ன்கோஸ்வே’ என்பார்கள். (பண்டா, நாட்டுப் பெண்களுக்கெல்லாம் தானே ன்கோஸ்வே என்று சொல்லிக்கொண்டது வேறு கதை.) எய்ட்ஸ் பெற்றோரைக் கொண்டுபோன வீடுகளில், முடிந்தவரை சுமந்து வளர்த்தவர்கள் பாட்டிகள். முடியாமல் போனதால்தான் பிள்ளையை நம்மிடம் ஒப்படைக்கிறார்கள். பந்தலில் முன்வரிசை நாற்காலிகள் அந்தப் பாட்டிகளுக்கும் மாமன்களுக்கும். நாம் பின்னால் உட்காரலாம். மலாவி வெயில் நமக்கும் கொஞ்சம் படட்டும்.

நாடா வெட்டுவதற்குப் பதில், ஒவ்வொரு வீட்டின் சாவியையும் அந்த வீட்டுத் தாயின் கையில் கொடுத்தால் போதும். 1949இல் ஆஸ்திரியாவின் இம்ஸ்ட் என்ற ஊரில் ஹெர்மன் க்மைனர் சிறுவர் கிராமம் என்ற இந்த முறையைத் தொடங்கியபோது அடிப்படையாக வைத்தவை தாய், உடன்பிறந்தார், வீடு, கிராமம் என்ற நான்குதான். குழந்தைகளை ஒரு மாதம் முன்பே குடிவையுங்கள். விழா நாளில் மெத்தை கசங்கியிருக்கட்டும். படுக்கையறைக்குள் கேமரா வேண்டாம்.

தேதி ஜனவரி என்று போட்டிருக்கிறீர்கள். யார் யோசனை இது? அப்போது மழை; மண்சாலையில் கார் சிக்கும். அதைவிட, பழைய சோளம் தீர்ந்து புதியது விளையாத பசி மாதம் அது. பக்கத்து ஊரே அரை வயிற்றோடு இருக்கும்போது வேலிக்குள் நாம் கோழி வறுப்பதா? அறுவடை முடிந்த ஜூனுக்குத் தள்ளுங்கள். 1976இல் தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில் மாணவர்கள் சுடப்பட்ட நினைவாக ஜூன் 16 ஆப்பிரிக்கக் குழந்தைகள் நாளாக அனுசரிக்கப்படுகிறது. அன்றைக்கே வைக்கலாம். அமைச்சர்களுக்கு அன்று வேறு மேடைகள் இருக்கும், வராமல் போகலாம். எனக்கு அதில் வருத்தமில்லை.

ஊர்த் தலைவரை மட்டும் முதலில் நேரில் போய் அழையுங்கள். அச்சிட்ட அட்டையை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

பாட்டிகளை அழைத்துவர மூன்று மினிபஸ்கள் வேண்டும். ஷாமியானா வாடகையைவிடக் குறைவாகத்தான் ஆகும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அவர்கள் ஊர்ப் பெயர்கள் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கின்றன. எந்த வண்டி எந்த வழியாக வர வேண்டும் என்று இந்த வாரமே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கட்டடக் கணக்கர்