இறக்காத கூண்டு

கீச்சாங்குப்பம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுறேன். இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். நெத்திலி நல்லா விழுது, அம்மா கருவாடு போட்டு வச்சிருக்கா. வேளாவேளைக்குச் சாப்பிடு.

மருமக போன் பண்ணினா. குறையா ஒண்ணும் சொல்லல, அவளைக் கோவிச்சுக்காத. பேத்திக்குத் தலைக்கு ஊத்தும்போது நீ வீட்டை விட்டே எழுந்து போயிடுறியாம். சரி, அதை விடு.

என் கதையைச் சொல்றேன். போன மாசம் நெஞ்சு படபடன்னு அடிச்சு, கையெல்லாம் சில்லிட்டுப் போச்சு. ஈசிஜி எடுத்தாங்க, ஒண்ணுமில்ல. டாக்டர் சின்னப் பொண்ணு. "ஐயா, சுனாமியப்ப எங்க இருந்தீங்க?"ன்னு கேட்டுச்சு. சீட்டுக்குப் பின்பக்கம் மண்டையைப் படம் போட்டுக் காட்டுச்சு. உள்ள பாதாம்பருப்பு மாதிரி அமிக்டலான்னு ஒண்ணு இருக்காம். ஆபத்துன்னா முதல்ல கத்துறது அதுதான். உடனே அட்ரினலின்னு ஒரு சுரப்பு ரத்தத்துல பாயும், பின்னாலேயே கார்ட்டிசால்னு இன்னொண்ணு. நெஞ்சு அடிக்கிறதும் மூச்சு வாங்குறதும் ஓடிப் பிழைக்க உடம்பு பண்ற ஏற்பாடு. பக்கத்துல ஹிப்போகாம்பஸ். எங்க, எப்ப நடந்ததுன்னு குறிச்சு வைக்கிறது அதோட வேலை. பெரிய அடி விழுந்தா அந்தக் குறிப்பு சரியா விழாதாம். 2004 டிசம்பர் 26 காலையோட முடிஞ்சது, உடம்புக்கு இன்னும் முடியல. ஒரு தண்ணிச் சத்தம் போதும், இப்பவே நடக்குற மாதிரி எகிறும். எனக்குப் புரிஞ்சது இதுதான்: புயல் போயிடுச்சு, துறைமுகத்துல கூண்டை இறக்க ஆளில்ல. பயந்தாங்கொள்ளித்தனம் இல்ல தம்பி. நானும் இன்னைக்கு வரைக்கும் வாசப்படிகிட்டதான் படுக்குறேன், உனக்கே தெரியும்.

ஒரு டாக்டரைப் பாரு. நிம்ஹான்ஸ்னு பெரிய மனநல ஆஸ்பத்திரி உங்க பெங்களூருலயேதான் இருக்கு. பேசிப் பேசியே சரிபண்ற வைத்தியம் இருக்காம், இத்தனை வருஷம் ஆனாலும் பலன் உண்டாம். நம்ம குப்பத்துல முதல் இன்ஜினியர் நீ, உனக்கு நான் சொல்லணுமா? ஆனா மூணு தீபாவளியா ஊர்ப்பக்கம் வரல. கடல் இல்லாத ஊராப் பாத்து நீ போனப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

தார் ஷீட் கொட்டகையில இருந்தப்ப, மழை பெஞ்சாலே நீ பாயை நனைச்சிடுவ. மூணாங்கிளாஸ் பையன். அந்தப் பாயை வெளியில போட்டு, தெருவே பாக்க உன்னை அது பக்கத்துல நிக்க வச்சேன். பிள்ளைங்களை உக்கார வச்சுப் படம் வரையச் சொல்ல ஆளுங்க வந்தப்ப, "என் மவன் ஒண்ணும் பைத்தியம் இல்ல"ன்னு விரட்டினேன். நீ பாதி வரைஞ்சதைக் கிழிச்சுப் போட்டேன். அதுல பாப்பாவோட சிவப்புக் குடம் மட்டும் இருந்துச்சு. அதுக்கப்புறம் நீ அழுது நான் பாக்கல. சரியாயிட்டன்னு ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பாப்பா பேரை நானும் இத்தனை வருஷமா வாயால சொன்னதில்ல. அந்த டாக்டர் பொண்ணுகிட்டதான் சொன்னேன்.

டாக்டரைப் பாரு. 26-ந் தேதிக்கு வந்தே ஆகணும்னு சொல்லல, போனை மட்டும் எடு. கருவாட்டை பஸ்ல குடுத்தனுப்பலாமா, நாத்தம்னு கண்டக்டர் சண்டைக்கு வருவானான்னு கேட்டுச் சொல்லு.

அப்பா