ஒப்படையை எழுதியது யார்?

ஆசிரியருக்கு,

பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஒப்படைகளை (பாடத்துக்காக எழுதிக் கொடுக்கும் கட்டுரைகளை) சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கொண்டு எழுதுவிக்கிறார்கள் என்று ஆளாளுக்குக் குறைப்படுகிறோம். சரி, 2022 நவம்பரில் அது வருவதற்கு முன்பு எல்லோரும் சொந்தமாகவா எழுதினார்கள்? சீனியரின் பழைய ஒப்படை பென்ட்ரைவில் கைமாறியது யாருக்குத்தான் தெரியாது!

என்னைக் கேட்டால் செயலியை விடப் பாடத்தில் உள்ள விருப்பம்தான் பெரிய விஷயம். இங்கே இலங்கையில் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியும் (பாடங்களுக்கிடையே ஒப்பிடக் கணிக்கும் புள்ளி) பிள்ளையின் மாவட்டமும் சேர்ந்துதான் பெரும்பாலும் பாடநெறியைத் தீர்மானிக்கின்றன. மருத்துவம் கிடைக்காமல், வீட்டாரின் சொல்லுக்காக வேறொன்றுக்குப் போய், 13 வருடம் தமிழில் படித்துவிட்டுத் திடீரென்று ஆங்கிலத்தில் 2000 சொல் எழுது என்றால் அந்தப் பிள்ளை குறுக்குவழி தேடாமல் என்ன செய்யும்? அதே செயலியிடம் விளங்காத பகுதியைத் தமிழில் கேட்டு விளங்கிக்கொண்டு, பிறகு தானே இருந்து எழுதுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாடத்தில் பிடிப்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

மற்றது, இயந்திரம் எழுதியதா என்று கண்டறியும் மென்பொருளை மட்டும் நம்பித் தண்டிக்கக் கூடாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் சொந்தமாக எழுதியதையும் இயந்திரம் எழுதியதாகக் காட்டிவிடுகிற குறை இப்படியான கருவிகளில் இருக்கிறது, அது எங்கள் பிள்ளைகளின் தலையில்தான் விழும். அதைவிட எழுதியவரைக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் வாய்மொழியாகக் கேள்வி கேட்கலாம். விரிவுரையாளர்கள் நேரமில்லை என்பார்கள். முதலாம் வருடத்திலாவது தொடங்கலாமே.

வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்