டியூபை எடுப்பதற்கு முன் கொஞ்சம் காத்திருங்கள்

குதிரை மருத்துவர்களுக்கும் லாயங்களை நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

குதிரையின் சிறுநீரைச் சோதிக்க வேண்டும் என்றதும் மயக்க ஊசி போட்டுச் சிறுநீர்ப்பைக்குள் டியூப் விடும் பழக்கத்தைப் பற்றித்தான் இந்த மடல். அவசரத்துக்கு அது தேவைதான். கல் அடைத்துக்கொண்டு சிறுநீர் வராமல் தவிக்கும் குதிரைக்கு டியூப்தான் வழி. கிருமி வளர்த்துப் பார்க்கவும் டியூபில் எடுத்ததே நம்பகமானது. ஆனால் சாதாரணச் சோதனைக்கும் அதையே முதல் வழியாக வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

குதிரைக்கு வலி, பயம் என்பது ஒரு பக்கம். சோதனையின் முடிவே மாறிவிடுகிறது என்பது இன்னொரு பக்கம். மயக்க ஊசியில் போடும் சைலசின், டெட்டோமிடின் போன்ற மருந்துகள் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும், சிறுநீரை அதிகமாகப் பிரிய வைக்கும். அதனால் சிறுநீர் நீர்த்துப்போகும், சில நேரம் அதில் சர்க்கரையும் தெரியும். சிறுநீரகம் சிறுநீரை எவ்வளவு அடர்த்தியாக்குகிறது என்று பார்க்கத்தானே எடுக்கிறோம்? டியூப் உரசினால் ரத்த அணுக்கள் வேறு வந்துவிடும். அது நோயா, நாம் செய்த கீறலா என்று அப்புறம் குழம்ப வேண்டியதுதான்.

குதிரை தானாகச் சிறுநீர் போகும்வரை காத்திருந்து பிடிப்பது ஒன்றும் மாயவித்தை இல்லை. பந்தயக் குதிரைகளுக்கு ஊக்கமருந்து சோதனை செய்பவர்கள் இப்படித்தான் பிடிக்கிறார்கள். வேலை முடிந்த குதிரையைக் கொஞ்சம் நடக்கவிட்டுத் தண்ணீர் காட்டி, புது வைக்கோல் பரப்பிய கொட்டடிக்குள் விட்டால் பெரும்பாலும் சீக்கிரமே சிறுநீர் போய்விடும். போகும்போதெல்லாம் மெதுவாக விசிலடித்துப் பழக்கினால் பல குதிரைகள் பிறகு விசிலைக் கேட்டாலே போகும். இதற்கு நாள் பிடிக்கும். நோய் வந்த பிறகு தொடங்கினால் உதவாது, நலமாக இருக்கும்போதே பழக்குங்கள்.

பிடிப்பவர் அவசரப்படக் கூடாது. சிறுநீர் போகும்போது குதிரை பின்னங்கால்களைப் பின்னுக்கு நீட்டி, முதுகைத் தாழ்த்தி, வாலைத் தூக்கும். அந்த நேரம் கோப்பையோடு பாய்ந்தால் அப்படியே நிறுத்திவிடும். தோள் பக்கம் நின்று, நீளமான கம்பில் கட்டிய சுத்தமான கோப்பையை, தாரை சீராக ஓடத் தொடங்கியதும் மெல்ல நீட்ட வேண்டும். பின்னால் நிற்கவே கூடாது. முதலில் வருவது வெளியழுக்கையும் கழுவிக்கொண்டு வரும், அதை விட்டுவிட்டு நடுவில் ஓடுவதைப் பிடிக்க வேண்டும். தரையிலிருந்து அள்ளியது எதற்கும் ஆகாது.

பிடித்த சிறுநீர் கலங்கலாக, கொஞ்சம் வழவழப்பாக இருந்தால் லாயக்காரர்கள் பயப்பட வேண்டாம். குதிரையின் சிறுநீரில் கால்சியம் கார்பனேட் படிகங்களும் சளியும் இயல்பாகவே உண்டு. காற்றுப் பட்டுச் சில நேரம் செம்பழுப்பாகவும் மாறும். ஆனால் ஓடி முடித்த குதிரை தசை இறுகி நிற்க, வரும்போதே சிறுநீர் காபி நிறத்தில் இருந்தால் அந்த நொடியே மருத்துவரைக் கூப்பிடுங்கள். தசை சிதைந்து அதன் நிறமி சிறுநீரில் இறங்குவதாக இருக்கலாம், அது சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். அவசரமில்லாத சோதனை என்றால் மூடியுள்ள சுத்தமான டப்பாவை முன்கூட்டியே லாயத்தில் கொடுத்துவிடுங்கள். குதிரையை நாள் முழுக்கப் பார்ப்பவர் நீங்கள் வருவதற்குள் பிடித்து வைத்திருப்பார். உடனே சோதிக்க முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்லிக்கொடுங்கள். லாயம் நடத்துபவர்களே, அந்த நேரத்துக்கு அவருக்கு வேறு வேலை சொல்லாதீர்கள். டப்பாவின் மேல் எப்போது பிடித்தது, எப்படிப் பிடித்தது, அதற்கு முன் ஊசி ஏதாவது போட்டதா என்று எழுதும் வழக்கத்தை இரு தரப்பும் சேர்ந்து கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
குதிரைகளோடு வேலை செய்யும் ஒருவர்