பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருத்தியை விடுங்கள்

மட்டக்களப்பு மாவட்ட அரச வைத்தியசாலைகளின் மகப்பேற்று விடுதிகளுக்குப் பொறுப்பான நிபுணர்களுக்கும் நிருவாகத்தினருக்கும்,

வணக்கம். போன மாதம் என் மகளுக்கு முதற்பிள்ளை பிறந்தது. சிசேரியன்தான். தாயும் பிள்ளையும் சுகம். அதற்கு முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறேன். இரவு பகலாக நீங்கள் படும் பாடு, நான்கு பிள்ளை பெற்ற எனக்குத் தெரியும்.

நாள் கடந்ததால் வலி வர மருந்து வைத்தார்கள். பின்னேரம் வலி பிடித்ததும் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். வலையிறவுப் பாலம் தாண்டி, போத்தலில் கொத்தமல்லித் தண்ணியோடு வந்த நான் விறாந்தையில் இருந்தேன். ஒன்பது மணித்தியாலம். ஒரு மிடறு கொடுக்க வழியில்லை. விடியப்புறம் கதவு திறந்தது; தள்ளுகட்டிலில் அவளைத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். எட்டிக் கையைப் பிடித்தேன். விரலில் பேனை மை.

"அம்மா, சைன் வைக்கச் சொன்னாங்க, வெச்சிட்டன். என்னத்துக்கெண்டு கேக்கப் பயமா இருந்திச்சி" என்றாள்.

பட்டப்படிப்பு முடித்த பிள்ளை அவள். அவளுக்கே கேட்க வாய் வரவில்லையென்றால் வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமங்களிலிருந்து வரும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

வெட்டியது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. குழந்தையின் துடிப்புக் குறைந்திருக்கலாம், வேறு ஏதும் இருந்திருக்கலாம். அதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அட்டையைப் பார்த்தால், கருப்பை வாய் திறந்ததில் 4 சென்ரிமீற்றரோடு முன்னேற்றம் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். 5 சென்ரிமீற்றர் வரை மெல்லத்தான் திறக்கும், முதற்பிள்ளைக்கு இன்னும் மெல்ல. மணிக்கு 1 சென்ரிமீற்றர் என்ற கணக்கை மட்டும் வைத்து யாரையும் அவசரப்படுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018 இலேயே சொல்லிவிட்டது. தாய் விரும்பும் ஒருவர் பிரசவம் முடியும் வரை பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதே பரிந்துரைகளில் உண்டு. துணை இருந்தால் சிசேரியன் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதெல்லாம் என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

முதற்பிள்ளைக்கு வெட்டினால் அடுத்ததற்கும் அநேகமாக வெட்டுத்தான். ஒவ்வொரு தழும்போடும், நச்சுக்கொடி அந்த இடத்தில் ஒட்டிப்பிடிக்கும் ஆபத்தும் கூடுகிறது. அதனால்தான் முதற்பிள்ளைத் தாய்மாரைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

குறை உங்களிடம் மட்டும் இல்லை. நட்சத்திரம் பார்த்துத் தனியார் வைத்தியசாலையில் நாள் குறிக்கிற குடும்பங்கள் எங்கள் ஊரிலும் உண்டு. வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பார்க்க வந்து, வலியைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லிப் பயங்காட்டும் பெண்களும் உண்டு. பயந்துபோன பிள்ளை, "வெட்டி எடுங்க டொக்டர்" என்று தானே கெஞ்சுவாள். அந்த நேரம் முதுகைத் தடவிவிட ஒரு கை வேண்டும். நாலைந்து பேரை ஒரே நேரம் பார்க்கும் மருத்துவமாதுவிடம் அதை எப்படி எதிர்பார்ப்பது?

இடமில்லை, மற்றத் தாய்மாருக்கு மறைப்பில்லை என்று எனக்குச் சொன்னார்கள். எத்தனை வருடமாக இதே பதில்! கட்டிடம் திறக்க நாடா வெட்டுகிறார்கள், பெயர்ப்பலகை வைக்கிறார்கள், ஒரு திரைச்சீலைக்கு மட்டும் வழியில்லையா? துணி வாங்கித் தாருங்கள், எங்கள் மாதர் சங்கத்தில் தைத்துத் தருகிறோம்.

மன்னிக்கவும், சூடாக எழுதிவிட்டேன். பணிவாகவே கேட்கிறேன்: முதற்பிள்ளைத் தாய்க்குத் துணையாக ஒருத்தியை உள்ளே விடுங்கள். வெட்ட வேண்டி வந்தால், கையெழுத்துக்கு முன் ஏன் என்று இரண்டு வசனம் தமிழில் சொல்லுங்கள். முதற்பிள்ளைத் தாய்மாரில் எத்தனை பேருக்குச் சிசேரியன் நடந்தது என்ற கணக்கையும், தாய்மாரைப் பத்து வகையாகப் பிரிக்கும் ரொப்சன் முறையில் வருடாவருடம் வெளியிடுங்கள்.

என் தங்கை மகளுக்கு மாசியில் நாள். அவளுக்கும் இது முதற்பிள்ளை. அவளோடு நான் உள்ளே வரலாமா என்று, தயவுசெய்து, இப்போதே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வவுணதீவிலிருந்து ஒரு தாய்