தலைமையாசிரியையான தோழிக்கு

திருச்சி,
நவம்பர் 20

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே அனைவரும் நலம். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் சேயும் என்னுடன்தான் இருக்கிறார்கள். செவிலியர் கண்காணிப்பாளர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க அவ்வப்போது போய் வருகிறேன்.

மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக நீ பதவி உயர்வு பெற்ற செய்தியை இரண்டே வரிகளில் முடித்துவிட்டு, மீதிப் பக்கங்கள் முழுவதும் உன் களைப்பைப் பற்றி எழுதியிருந்தாய். பள்ளி, மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும், பள்ளி விட்ட பிறகும் தீராத எமிஸ் பதிவுகள், சாப்பிட உட்கார்ந்தால் ‘உடனே அனுப்பவும்’ என்று வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் படிவங்கள், படுத்த பிறகும் நாளைக்கு யார் யார் விடுப்பு என்ற கணக்கு, எல்லாவற்றையும் படித்தேன். இந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள் என்று காட்டும் போனஃபைடு சான்றிதழ் கேட்டு மறுபடியும் அறை வாசலில் வந்து நின்ற மாணவியிடம் எரிந்து விழுந்ததாகவும், அவள் போன பிறகு அதற்காக வருந்தக்கூட மனம் மரத்துப் போயிருந்ததாகவும் நீ எழுதிய இடத்தில்தான் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் மீது உனக்கிருக்கும் பரிவை நம் பள்ளி நாட்களிலிருந்தே அறிந்தவள் நான்.

‘இந்தப் பதவிக்கு நான் லாயக்கில்லையோ’ என்று கேட்டிருக்கிறாய். அது அப்படி இல்லை. நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் சேவை செய்தவர்களிடம் இதே நிலையைக் கண்டு, 1974இல் அதை ‘பர்ன்அவுட்’ என்ற பெயரில் முதன்முதலாக விரிவாக எழுதியவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். ஆர்வத்தோடு வந்து, தம்மையே கொடுத்து உழைத்தவர்களே அங்கு வற்றிப்போனார்கள். பிறகு வந்த கிறிஸ்டினா மஸ்லாக் இதற்கு மூன்று முகங்கள் உண்டு என்றார்: தீராத களைப்பு, யாருக்காக உழைக்கிறோமோ அவர்கள் மீதே வந்துவிடும் வெறுப்பும் விலகலும், எவ்வளவு செய்தும் ஒன்றும் உருப்படியாக நடக்கவில்லை என்ற எண்ணம். உன் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் தன் புதிய நோய் வகைப்பாட்டில் இதை விளக்கியபோது, தனி மனிதரின் நோயாக அல்லாமல், வேலையிடத்தில் நாள்பட்டுத் தீராமல் கிடக்கும் அழுத்தத்தின் விளைவாகவே குறித்தது. ஆகவே உன் சுபாவத்தை நோண்டிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, உன் நாள் எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பார்.

என் தொழிலில் நான் கற்ற மிகப் பெரிய பாடம் டூட்டி மாற்றுவதில் இருக்கிறது. இரவுப் பணி முடிக்கும் செவிலியர், காலையில் வருபவரைக் கட்டில் கட்டிலாக அழைத்துச் சென்று, இந்த டிரிப்பில் இவ்வளவு மீதம், இவருக்கு எட்டு மணி ஊசி, இவருக்குச் சிறுநீர் அளவு குறைவு, இவருடன் உறவினர் யாரும் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு வார்டு அடுத்தவருடையது. வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவர் நிம்மதியாகக் கண்ணயரலாம். ஏனென்றால் அவர் தலையில் இருந்ததெல்லாம் காகிதத்திலும் இன்னொருவர் தலையிலும் ஏறிவிட்டது. தலைமையாசிரியைக்கு இப்படிப் பொறுப்பு மாற்றிக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான் உன் வேலையின் கடுமை. பள்ளிக்கூடம் பூட்டிய பிறகும் அது உன் தலைக்குள் திறந்தே இருக்கிறது.

ஆகவே அந்த ஏற்பாட்டை நீயே செய்துகொள்ள வேண்டும். பள்ளி முடிந்ததும் உதவித் தலைமையாசிரியருடன் கால்மணி நேரம் உட்கார். முடியாத வேலைகளை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே யார் செய்வது, எப்போதைக்குள் என்று குறித்து, அதன் பிறகு எழுந்துவிடு. இரவு எட்டு மணிக்கு மேல் அந்த வாட்ஸ்அப் குழுவைப் பார்க்காதே. மெய்யான அவசரம் என்றால் மனிதர்கள் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். சான்றிதழ்களில் உன் கையெழுத்து வேண்டும்தான், ஆனால் பதிவேட்டைச் சரிபார்த்து எழுதிக் கொண்டுவர அலுவலகத்தில் ஆள் இருக்கிறார். கையெழுத்துக்கென்று பிற்பகலில் ஒரு நேரம் வைத்துவிட்டால் அந்த மாணவி திரும்பத் திரும்ப வாசலில் வந்து நிற்க நேராது. காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்த முதல் இரண்டு பாடவேளைகளில் உன் தெம்பு முழுதாக இருக்கும். அவற்றைப் படிவங்களுக்குக் கொடுக்காமல் வகுப்பறைகளைப் பார்க்கவும், மனஸ்தாபத்தில் இருக்கும் ஆசிரியர்களிடம் பேசவும் வைத்துக்கொள்.

முன்பு ஒரு வார்டில் இன்சார்ஜ் சிஸ்டர் ஒருவர் இருந்தார். மருந்து அலமாரிச் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்காது. பஞ்சு இருப்பு முதல் ஆக்சிஜன் கணக்கு வரை எல்லாம் அவர் மனதில்தான். அவரைவிட உழைப்பாளியை நான் கண்டதில்லை. அவர் திடீரென்று காய்ச்சலில் படுத்தபோது இருப்புப் பதிவேடு எங்கே என்று தேடவே எங்களுக்கு ஒரு முழுநாள் ஆயிற்று. அவரிடம் வேலை பழகிய இளையவர்களில் ஒருவருக்கும் ஒரு முடிவு எடுக்கத் துணிவில்லை. எல்லாவற்றையும் தானே சுமக்கும் தலைமை தன்னை மட்டும் தேய்த்துக்கொள்வதில்லை, கீழே இருப்பவர்கள் வளரவும் இடம் விடுவதில்லை என்று அன்றே எனக்குத் தோன்றியது.

2021 மே மாதத்தில், கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, பொறுப்பை ஒப்படைத்த பிறகு நான் கண்டிப்பாக வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். சிலர் அதைக் குறையாகவும் பேசினார்கள். கண்காணிப்பாளர் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தால், பாதுகாப்பு உடையைக் கழற்றிவிட்டு வரும் பிள்ளைகள் கிளம்பக் கூச்சப்பட்டு அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நீ ஆறரை மணி வரை அறையில் இருந்தால் உன் ஆசிரியர்களும் அப்படித்தான் இருப்பார்கள்.

தூக்கத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவருடைய அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் விடும் எல்லை 0.03 விழுக்காடுதான். காலை ஐந்துக்கு எழுந்து இரவு பதினொன்றுக்குப் பெயர்ப்பட்டியல் திருத்துகிற நீ அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டாய். அந்த நேரத்தில் விழும் பிழை ஒரு பிள்ளையின் மதிப்பெண் சான்றிதழ் வரைக்கும் போகும்.

இவ்வளவும் சொன்னாலும், காலிப் பணியிடங்களும், ஒரே விவரத்தை வேறு வேறு படிவத்தில் கேட்கும் வழக்கமும் உன் ஏற்பாட்டால் தீர்ந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. அவற்றைத் தலைமையாசிரியர் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து எழுத்தில் கொடுக்க வேண்டும். ‘என்னால் முடியவில்லை’ என்று நீ தனியாகச் சொன்னால் புலம்பல் என்பார்கள்.

நியூசிலாந்துப் பிரதமராக இருந்த ஜெசிந்தா ஆர்டெர்ன், அந்தப் பொறுப்பை நியாயமாகச் செய்யும் அளவுக்குத் தன்னிடம் தெம்பு மீதமில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, 2023 ஜனவரியில் பதவி விலகலை அறிவித்தது உனக்கு நினைவிருக்கும். அதை நேர்மையான முடிவாகவே நான் மதிக்கிறேன். உனக்கு அந்தக் கட்டம் வரவில்லை என்றும் நம்புகிறேன்.

செவிலியாகவும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வாரமே ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் நான்கையும் பார்த்துவிடு. நம் வயதுப் பெண்களின் பாதிக் களைப்பு ரத்தசோகையாகவோ தைராய்டாகவோ இருந்து, வேலைப்பளு என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். விடுமுறை நாளிலும் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் வராமல் வாரக்கணக்கில் தொடர்ந்தால் அது வேறு விஷயம்; மருத்துவரைப் பார்க்கத் தயங்காதே. நள்ளிரவில் மனம் தாங்காவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் இரண்டு நாள் இங்கே வந்து இரு. பேத்தியைப் பார்த்ததாகவும் இருக்கும். அதற்குள் எந்தெந்த வேலையை யாரிடம் ஒப்படைத்தாய் என்பதையும், பரிசோதனை முடிவுகளையும் எழுது. அந்த மாணவிக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டதா என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
சரஸ்வதி